ஏடு பிரிக்கும் யந்திரமும் கூட்டுறவுச் சங்கமும்

மனிதன் கண்டுபிடித்த யந்திரங்கள் அவனுடைய கை உழைப்பைக் குறைத்தன என்பது யாவரும் அறிந்ததே. ஆயின் அவை மனிதர் ஒருவரோடொருவர் கூடி வாழும் முறையையும் மாற்றின என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. கைத்தறி நெய்பவனுடைய வீட்டிலேயே இருந்தது. தறிக்கும் துணிக்கும் அவனே உரியவனாயிருந்தான். நீராவியால் ஓடும் தறி இங்கிலாந்தில் பரவியபோது, நெசவாளர் தம் வீட்டை விட்டு ஆலைக்குக் கூலிகளாகச் சென்றனர். யந்திரத்துக்கு உடையவர் ஒருவர், அதில் உழைப்பவர் வேறொருவர் என்ற பிரிவு அங்கே உண்டாயிற்று. இதைக் கண்டு, பெரிய யந்திரம் எங்கு வந்தாலும் சிறியவர்கள் தம் சுதந்திரத்தை இழக்கவே வேண்டும் என்று பலர் எண்ணினர்.

அஃது அவ்வாறு முடிய வேண்டுமென்ற நியதி இல்லை என்பதற்குப் பாலிலிருந்து ஏட்டைப் பிரிக்கும் யந்திரத்தின் சரித்திரம் நல்ல சான்றாகும். அந்த யந்திரம் டென்மார்க்கு தேசத்தில் ஒன்றிரண்டு மாடுகள் வைத்திருந்த குடியானவர்களை ஒன்று சேர்த்து, அவர்களையே தொழிற்சாலைக்கு உடையவர்களாக்கிற்று. அதே யந்திரம் வேறு தேசங்களில் வேறு விதமான பலனைத் தந்தது. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது என்பதைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நலம்.

பழைய முறை

தமிழ்நாட்டு வீடுகளில் பாலைக் காய்ச்சி, உறையிட்டுத் தயிராக்கி, மத்தினால் கடைந்து வெண்ணெய் எடுப்பது வழக்கம். ஐரோப்பாவின் வட பாகங்களில் முறை வேறு. அங்கே கறந்த பாலை அகன்ற தட்டுகளில் ஊற்றிக் குளிர்ந்த நிலவறைகளில் அசையாமல் வைப்பார்கள். பாலிலுள்ள கொழுப்பு மிக நுண்ணிய துளிகளாக மிதப்பது, தண்ணீரைவிட இலேசானது. ஆதலால் ஒரு நாள் அல்லது அதற்கு மேலான நேரத்தில் அது மெல்ல மேலே வந்து ஏடாகப் படியும். அந்த ஏட்டைக் கரண்டியால் வழித்துச் சேர்த்து, புளிக்க வைத்துக் கடைந்து வெண்ணெயாக்குவார்கள். இவ்வேலை முழுவதும் பெண்களுடைய பொறுப்பாக இருந்தது.

இம்முறையில் குறைகள் பல இருந்தன. ஏடு மேலே வருவதற்குள் பால் புளித்துவிடுவதுண்டு. கொழுப்பில் ஒரு பங்கு மேலே வராமல் அடிப்பாலிலேயே தங்கிவிடும். ஒரு பசு அல்லது இரண்டு பசுக்கள் உள்ள குடியானவனுடைய வீட்டில் ஒரு நாள் ஏடு கடைவதற்குப் போதாது. பல நாள் ஏட்டைச் சேர்த்து வைத்தால் பழையது கெடும். எனவே அவ்வீட்டு வெண்ணெய் ஒரு வாரம் நன்றாகவும் மறு வாரம் நாற்றமுடையதாகவும் இருக்கும். வியாபாரிகள் பல வீட்டு வெண்ணெயை வாங்கி ஒன்றாகப் பிசைந்து குறைந்த விலைக்கு விற்றனர்.

பெரிய பண்ணைகளின் நிலை வேறாயிருந்தது. அங்கே நூற்றுக்கணக்கான பசுக்கள், தனிப் பால்மனை, பழகிய வேலையாட்கள், பனிக்கட்டி சேமித்து வைக்கும் வசதி எல்லாம் இருந்தன. உயரமான தகரப் பாத்திரங்களில் பாலை ஊற்றிப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து விரைவில் ஏடெடுக்கும் முறையை அவர்கள் கைக்கொண்டனர். அவர்களுடைய வெண்ணெய்க்கு இங்கிலாந்துச் சந்தையில் உயர்ந்த விலை கிடைத்தது. புல்லும் பசுவும் ஒரே தேசத்தவை. ஆயினும் பண்ணை வெண்ணெய்க்கு ஒரு விலை, குடியானவன் வெண்ணெய்க்கு ஒரு விலை.

சிறு குடியானவர் பாலைத் தொலைவிலுள்ள ஓரிடத்துக்குக் கொண்டுபோய் ஒன்று சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் ஒரு தடை இருந்தது. வண்டியில் குலுங்கிவந்த பாலைத் தட்டில் ஊற்றி வைத்தால் ஏடு சரியாகப் படியாது. ஆகவே வீட்டுக்கு வீடு தனியே வெண்ணெய் எடுப்பதைத் தவிர வேறு வழி அவர்களுக்குப் புலப்படவில்லை.

தானிய விலையின் வீழ்ச்சி

டென்மார்க்கு வெகு காலமாகத் தானியம் விளைவித்து ஏற்றுமதி செய்துவந்த தேசம். 1864-ஆம் ஆண்டு யுத்தத்தில் அது தன் தென் பாகத்திலுள்ள வளமான மாகாணங்களை இழந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொரு துன்பம் நேர்ந்தது. ரயில் பாதைகளும் நீராவிக் கப்பல்களும் பெருகியதால், அமெரிக்காவின் பரந்த சமவெளிகளிலும் ருஷியாவிலும் விளைந்த கோதுமை மலிவான கூலியில் ஐரோப்பியத் துறைமுகங்களை அடைந்தது. 1870-க்குப் பின் வந்த ஆண்டுகளில் தானிய விலை வரவர இறங்கிற்று.

வேறு தேசங்கள் பல அயல்நாட்டுத் தானியத்துக்கு வரி விதித்துத் தம் விவசாயிகளைக் காக்க முயன்றன. டென்மார்க்கு அவ்வாறு செய்யவில்லை. மலிவாக வந்த தானியத்தையே மாட்டுக்கும் பன்றிக்கும் தீனியாக்கி, தானியத்தை விற்பதற்குப் பதில் வெண்ணெயும் இறைச்சியும் விற்கத் துணிந்தது. ஆனால் குடியானவனுடைய மட்டமான வெண்ணெயை வைத்துக்கொண்டு இந்தத் துணிவு பலிக்குமா என்பது ஐயமாகவே இருந்தது. அந்த ஐயத்தைப் போக்கியது புதிய யந்திரம்.

யந்திரம் வேலை செய்யும் விதம்

கவணில் கல்லை வைத்துச் சுழற்றினால் கல் வெளிப்புறமாக விலகி ஓடப் பார்க்கிறது. சுழலும் வேகம் மிகுந்தால் வெளியே தள்ளும் சக்தியும் மிகும். கனமான பொருளை அது அதிகமாகத் தள்ளும். பாலை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மிக்க வேகமாகச் சுழற்றினால், கனமான அடிப்பால் கிண்ணத்தின் சுவரை நோக்கி விரையும்; இலேசான கொழுப்பு நடுவிலே தங்கும். பூமியின் இழுப்பினால் ஒரு நாளில் நடப்பது, சுழற்சியின் வேகத்தால் சில விநாடிகளில் நடந்துவிடுகிறது.

இவ்வுண்மையைக் கொண்டு ஜெர்மனியில் லெஃபெல்ட் என்பவர் யந்திரம் ஒன்றை அமைத்தார். அதில் பாலை ஊற்றிச் சுழற்றி, பின்பு நிறுத்தி ஏட்டை வழிக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்தவரான குஸ்டாவ் டி லாவல் நிறுத்தாமலே வேலை செய்யும் யந்திரத்தை அமைத்தார். ஒரு பக்கம் பால் இடைவிடாது உள்ளே சென்றுகொண்டிருக்கும். இரண்டு குழாய்களின் வழியே ஏடும் அடிப்பாலும் தனித்தனியே வெளிவந்துகொண்டிருக்கும். அக்காலத்திலேயே டென்மார்க்கிலும் எல். சி. நீல்சன் என்பவர் இவ்வகை யந்திரம் ஒன்றைச் செய்தார். கிண்ணம் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுழல வேண்டியிருந்ததால் நீராவி யந்திரத்தின் துணை தேவையாயிற்று. பிற்பாடு ஜெர்மானியரான பெக்டோல்ஷைம் என்பவரின் யோசனைப்படி கிண்ணத்தினுள் கூம்பு வடிவான தட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டன. அதனால் அதே அளவுள்ள யந்திரம் பல மடங்கு பாலைப் பிரிக்கலாயிற்று.

இதனால் விளைந்த நன்மைகள் மூன்று. முதலாவது, பாலிலுள்ள கொழுப்பு ஏறத்தாழ முழுவதும் கிடைத்தது. இரண்டாவது, பால் புளிக்குமுன் வேலை முடிந்ததால் அடிப்பால் இனிப்பாகவே மிஞ்சிற்று. அதைக் கன்றுக்கும் பன்றிக்கும் ஊட்டலாம். மூன்றாவதே முக்கியமானது. வண்டியில் குலுங்கிவந்த பாலையும், பல வீடுகளிலிருந்து வந்து கலந்த பாலையும் யந்திரம் வேற்றுமையின்றிப் பிரித்தது. பத்து வீட்டுப் பால் ஓரிடத்தில் சேர்வதற்கு இருந்த தடை அன்றோடு நீங்கிற்று.

யந்திரம் யாருக்குச் சொந்தம்?

தடை நீங்கியதும் புதிய கேள்வி பிறந்தது. நீராவி யந்திரமும் ஏடு பிரிக்கும் யந்திரமும் கட்டடமும் சேர்ந்தால் பெருந்தொகை ஆகும். அவற்றுக்கு வேலை கொடுக்க நூற்றுக்கணக்கான பசுக்களின் பால் தினந்தோறும் வேண்டும். தனிக் குடியானவன் எவனாலும் இது முடியாது. எனவே பணமுள்ள ஒருவர் தொழிற்சாலை வைத்துக் குடியானவர்களிடம் பாலை விலைக்கு வாங்கலாம். அல்லது குடியானவர்களே கூடித் தொழிற்சாலை வைக்கலாம்.

முதல் வழியே டென்மார்க்கில் முதலில் பரீட்சிக்கப்பட்டது. தனி முதலாளிகள் பால்மனைகளைத் தொடங்கிப் பாலை வாங்கினர். அவற்றில் சச்சரவு ஓயவில்லை. பாலை விற்பவனுக்கு அதன் அளவில்தான் கருத்து, சுத்தத்தில் கருத்தில்லை. வாங்குபவருக்கோ குறைந்த விலையில்தான் கருத்து. லாபம் வந்தால் முதலாளியைச் சேரும். பால் கெட்டால் நஷ்டம் யாரைச் சேர்வது என்பதில் வழக்கு. விற்பவனும் வாங்குபவனும் எதிர்ப் பக்கங்களில் நின்றதால் நல்ல வெண்ணெய் உண்டாவது அரிதாயிற்று.

இரண்டாவது வழியை 1882-ஆம் ஆண்டில் ஜட்லாந்து தீபகற்பத்தின் மேற்குப் பாகத்திலுள்ள யெட்டிங் என்னும் சிற்றூரின் குடியானவர்கள் மேற்கொண்டனர். அங்கே தோன்றியதே டென்மார்க்கின் முதற் கூட்டுறவுப் பால்மனை. அதனையும் அதைப் பின்பற்றி எழுந்த சங்கங்களையும் ஆண்ட விதிகள் மிக எளியவை. அங்கத்தினர் யாவரும் வீட்டுச் செலவுக்கு வேண்டியது போக மீதிப் பால் முழுவதையும் சங்கத்துக்கே கொடுக்க வேண்டும்; இதற்குப் பல ஆண்டுகளுக்குக் கட்டுப்பாடு எழுதிக் கொடுத்தனர். கட்டடத்துக்கும் யந்திரத்துக்கும் வேண்டிய பணத்தைக் கடனாகப் பெற்று, அதற்கு அனைவரும் கூட்டாகப் பொறுப்பேற்றனர். சங்கத்து வண்டி தினந்தோறும் வீடு வீடாகச் சென்று பாலை எடுத்துவரும். திரும்பும்போது அடிப்பாலைக் கொண்டு வந்து கொடுக்கும். ஆண்டின் முடிவில் மிஞ்சும் லாபம், போட்ட முதலைப் பார்த்தல்ல, கொடுத்த பாலைப் பார்த்துப் பங்கிடப்பட்டது.

வாக்குரிமையைப் பற்றிய விதி இவற்றினும் சிறந்தது. நாற்பது மாடு உடையவனுக்கும் இரண்டு மாடு உடையவனுக்கும் பெரும்பாலான சங்கங்களில் வாக்கு ஒன்றே. எண்ண வேண்டியது மாட்டின் தலையை அன்று, மனிதனின் தலையை என்று அந்நாட்டார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பலன் விரைவில் தெரிந்தது. இரண்டு மாட்டுக்காரனுடைய பாலும் நாற்பது மாட்டுக்காரனுடைய பாலும் ஒரே யந்திரத்தில் ஏறி, ஒரே வெண்ணெயாக இறங்கின. பண்ணை வெண்ணெய், குடியானவன் வெண்ணெய் என்ற விலை வேற்றுமை மறைந்தது. பத்து ஆண்டுகளுக்குள் நாடெங்கும் பல நூறு பால்மனைகள் எழுந்தன; 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை ஆயிரத்துக்கு மேற்பட்டன. டென்மார்க்கு வெண்ணெய் இங்கிலாந்துச் சந்தையில் முதலிடம் பெற்றது.

பால் அளப்பதும் நேர்மையும்

சங்கங்களுக்கு உள்ளேயும் ஒரு சங்கடம் இருந்தது. பாலை எடைக்கு மட்டும் விலை கொடுத்தால், தண்ணீர் கலப்பவன் லாபமடைவான். கொழுத்த பால் கொடுப்பவன் நஷ்டமடைவான். பாலின் கனத்தைக் காட்டும் லாக்டோமீட்டர் இதற்குப் பூரண பரிகாரமன்று. தண்ணீர் கலந்தால் பாலின் கனம் குறைகிறது. ஏட்டை எடுத்துவிட்டால், இலேசான பொருள் நீங்குவதால், கனம் கூடுகிறது. ஆகவே ஏட்டை எடுத்துவிட்டுத் தண்ணீரும் கலந்தால் கருவி சரியான அளவையே காட்டி நிற்கும்.

இந்தச் சூதை முறியடித்தது கொழுப்பை நேராக அளக்கும் சோதனை. அமெரிக்காவின் விஸ்கான்சின் நாட்டில் ஸ்டீபன் பாப்காக் என்பவர் 1890-ஆம் ஆண்டில் எளிய முறை ஒன்றை வெளியிட்டார். பாலுடன் கந்தகத் திராவகத்தைச் சேர்த்தால் கொழுப்பைத் தவிர மற்றவை கரைந்துவிடும். குப்பியைச் சுழற்றினால் கொழுப்பு அதன் கழுத்தில் திரண்டு நிற்கும். கழுத்திலுள்ள கோடுகளைக் கொண்டு சதவீதத்தைப் படித்துவிடலாம். பாப்காக் இம்முறைக்குத் தனியுரிமை பெறாமல் உலகத்துக்கே விட்டுவிட்டார். 1892-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்து தேசத்தவரான கெர்பர் வேறொரு வகைக் குப்பியை அமைத்தார். இந்தியப் பால் சங்கங்களில் பெரிதும் பழகியது கெர்பர் முறையே.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் அறியலாம். ஒருவர் 10 லிட்டர் பசும்பால் கொடுக்கிறார். அதில் கொழுப்பு 3 சதவீதம். மற்றொருவர் 10 லிட்டர் எருமைப்பால் கொடுக்கிறார். அதில் கொழுப்பு 6 சதவீதம். முன்னவர் பாலில் ஏறத்தாழ 300 கிராமும், பின்னவர் பாலில் ஏறத்தாழ 600 கிராமும் கொழுப்பு இருக்கின்றன. வெண்ணெயை விற்றுவரும் சங்கம் இருவருக்கும் ஒரே தொகை கொடுப்பது நியாயமாகாது. பின்னவர் தம் பாலில் பாதி அளவு தண்ணீர் கலந்து 15 லிட்டராக்கிக் கொடுத்தாலும் கொழுப்பு 600 கிராமுக்கு மேல் ஏறாது. தண்ணீரைச் சுமந்து வந்ததே அவர் கண்ட பலன். இவ்விதம் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி, உபதேசத்தால் நடவாததை நடத்திக் காட்டிற்று. பிற்காலத்தில் கொழுப்போடு மற்ற திடப்பொருள்களையும் கணக்கிட்டு விலை கொடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது.

சங்கம் பெருகிய வழி

ஒரு சங்கம் மற்றொரு சங்கத்துக்கு விதையாயிற்று. அடிப்பால் வீடுதோறும் திரும்பி வந்ததால் பன்றி வளர்ப்பு ஓங்கியது. 1887-ஆம் ஆண்டில் ஜெர்மனி உயிருள்ள பன்றிகளை இறக்குமதி செய்வதைத் தடுத்தபோது, டென்மார்க்கின் குடியானவர்கள் அதே ஆண்டில் ஹார்ஸன்ஸ் நகரில் கூட்டுறவு இறைச்சிச் சாலையைத் திறந்து, பதப்படுத்திய இறைச்சியை இங்கிலாந்துக்கு அனுப்பலாயினர். 1895-ஆம் ஆண்டில் வேயன் என்னுமிடத்தில் பசுக்களின் பால் அளவைச் சோதிக்கும் சங்கம் தோன்றிற்று. சோதனையாளர் ஒருவர் முறைப்படி ஒவ்வொரு தொழுவத்துக்கும் சென்று, ஒவ்வொரு பசுவும் தின்ற தீனி, கொடுத்த பால், அதிலுள்ள கொழுப்பு இவற்றைக் குறித்து வந்தார். எந்தப் பசு வீட்டைக் காப்பாற்றுகிறது, எந்தப் பசுவை வீடு காப்பாற்றுகிறது என்பது அப்போதுதான் குடியானவனுக்குத் தெரியவந்தது.

தீமைகளும் உண்டு

இம்மாறுதலால் தீங்கே நேரவில்லை என்று கூறுவது உண்மையாகாது. பல தலைமுறைகளாக வெண்ணெய் எடுப்பதில் கைதேர்ந்திருந்த பெண்களின் வித்தை பயனற்றுப் போயிற்று. வீட்டுப் பெண்ணின் பொறுப்பிலிருந்த தொழில், பயிற்சி பெற்ற ஆடவரின் தொழிலாக மாறிற்று. பாலைக் கறந்து கொடுப்பது பெண்களிடமே பெரும்பாலும் தங்கியது. சங்கக் கூட்டத்தில் பேசுவதும் பணத்தை வாங்குவதும் ஆடவரிடம் சென்றன.

மற்றொரு தீமை நோயினால் வந்தது. பல தொழுவங்களின் பால் ஒன்றாகக் கலந்து, அடிப்பாலாக மீண்டும் எல்லாத் தொழுவங்களுக்கும் சென்றதால், ஒரு பசுவுக்கு இருந்த க்ஷயரோகம் ஊர்க் கன்றுகளுக்கெல்லாம் பரவ வழியுண்டாயிற்று. மிருக வைத்திய நிபுணரான பெர்ன்ஹார்ட் பாங் இதைக் குறித்து எச்சரித்தார். 1898-ஆம் ஆண்டுச் சட்டம், திருப்பிக் கொடுக்கும் அடிப்பாலைக் கொதிநிலைக்கு அருகில் சூடாக்கிய பின்னரே கொடுக்க வேண்டுமென்று விதித்தது. பாலைக் கூட்டாகச் சேர்ப்பவர்கள் அதன் சுத்தத்துக்கும் கூட்டாகப் பொறுப்பாளிகள் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

ஒரே யந்திரம், வெவ்வேறு பலன்

அயர்லாந்திலும் இந்த யந்திரம் பரவிற்று. பசுவும் புல்லும் அங்கே குறைவில்லை. இங்கிலாந்துச் சந்தையும் அருகிலிருந்தது. ஆனால் அங்கே பால்மனைகள் பலவற்றை வியாபாரிகளே முதலில் அமைத்தனர். ஹோரஸ் பிளங்கெட் என்பவரின் முயற்சியால் முதற் கூட்டுறவுப் பால்மனை 1889-ஆம் ஆண்டில் லிமரிக் மாவட்டத்தில் தோன்றிற்று. ஊர் ஊராகக் கூட்டங்கள் நடத்திப் பலமுறை தோல்வியுற்ற பின்னரே குடியானவர்கள் இணங்கினர் என்று அவரே எழுதியிருக்கிறார்.

அமெரிக்காவின் சமவெளிகளில் வேறு விதமாக நடந்தது. கையினால் சுழற்றும் சிறிய யந்திரங்கள் வந்தபின், விவசாயிகள் தம் வீட்டிலேயே ஏட்டைப் பிரித்து, அதை ரயிலில் தொலைவிலுள்ள பெரிய கம்பெனிகளின் தொழிற்சாலைகளுக்கு அனுப்பினர். சிறிய யந்திரம் வீட்டுக்கே வந்துவிட்டது; ஆயினும் விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் நூறு மைலுக்கு அப்பால் சென்றுவிட்டது.

எனவே யந்திரம் தானாகவே கூட்டுறவை உண்டாக்குவதில்லை. டென்மார்க்கில் அது உண்டானதற்குத் தக்க காரணங்கள் முன்னரே இருந்தன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய நிலச் சீர்திருத்தத்தால் குடியானவர்களிற் பெரும்பாலோர் தம் நிலத்துக்குத் தாமே உடையவராயினர். குருண்ட்விக் என்னும் பாதிரியாரின் போதனையைப் பின்பற்றி 1844-ஆம் ஆண்டு முதல் தோன்றிய மக்கள் உயர்பள்ளிகளில் வாலிபக் குடியானவர்கள் கல்வியும் தன்மதிப்பும் பெற்றனர். கிராமச் சேமிப்பு வங்கிகள் இருந்தன. 1866-ஆம் ஆண்டிலேயே திஸ்டெட் நகரில் கூட்டுறவுப் பண்டகசாலை நடந்தது. கணக்கு எழுதவும், கூட்டத்தில் மறுத்துப் பேசவும், மறுத்தபின் பெரும்பான்மைக்கு இணங்கவும் அவர்கள் பழகியிருந்தனர். பழக்கப்பட்ட அந்தக் கைகளிலே யந்திரம் வந்து சேர்ந்தது.

இந்தியாவில்

சென்னை மாகாணத்தில் ஐரோப்பாவின் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து சர் பிரெடரிக் நிகல்சன் 1895, 1897-ஆம் ஆண்டுகளில் அறிக்கை வெளியிட்டார். 1904-ஆம் ஆண்டுச் சட்டம் நாணயச் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே உற்பத்திக்கும் விற்பனைக்குமான சங்கங்களைப் பதிவு செய்ய முடிந்தது.

பால் தொழிலில் பெரிய மாறுதல் குஜராத்தின் கெய்ரா மாவட்டத்தில் தொடங்கிற்று. பம்பாய் நகருக்குப் பால் அனுப்பும் உரிமை ஒரு தனிப்பட்ட பால்மனையிடம் இருந்ததால், தமக்கு உரிய விலை கிடைக்கவில்லையென்று குடியானவர்கள் முறையிட்டனர். சர்தார் வல்லபாய் படேல் அவர்களுக்குச் சொந்தச் சங்கம் அமைக்குமாறு ஆலோசனை கூறினார். பாலை விற்பதை நிறுத்திப் போராடிய பின், 1946-ஆம் ஆண்டில் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் மாவட்டச் சங்கம் பதிவாயிற்று. 1949-ஆம் ஆண்டில் வர்கீஸ் குரியன் ஆனந்த் நகருக்கு வந்து, பின்னர் அதன் நிர்வாகத்தை ஏற்றார்.

அங்கும் ஒரு யந்திரக் கேள்வி எழுந்தது. மழையும் குளிரும் உள்ள மாதங்களில் பால் மிகுதியாகச் சுரக்கும்; கோடையில் குறையும். மிகுந்த பாலைப் பொடியாக்கி வைத்தாலன்றி விலை நிலைக்காது. எருமைப் பாலைப் பொடியாக்க இயலாதென்று மேல்நாட்டு நிபுணர் பலர் கருதினர். சங்கத்தின் தொழில்நுட்ப நிபுணரான எச். எம். தலாயா அதைச் செய்து காட்டினார். 1955-ஆம் ஆண்டில் ஆனந்த் நகரில் பால்பொடித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பொடியாக்கும் யந்திரம் குடியானவர்களுடைய சொத்தாக இருந்ததால், மிகுதியான பாலை வந்த விலைக்கு விற்க வேண்டிய கட்டாயம் நீங்கிற்று. 1970-ஆம் ஆண்டில் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் மூலம் இம்முறை பிற மாநிலங்களுக்கும் பரவியது. தமிழ்நாட்டில் கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என மூன்று படிகளாக இவ்வமைப்பு ஏற்பட்டது. மாநில இணையம் 1981-ஆம் ஆண்டில் தன் வேலையைத் தொடங்கிற்று. ஆவின் என்ற பெயரை அறியாதார் இல்லை.

அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை

யெட்டிங் சிற்றூரில் 1882-ஆம் ஆண்டில் எழுந்த கேள்வி இன்றும் ஒவ்வொரு சங்கத்தின் வாயிலிலும் நிற்கிறது. குளிரூட்டும் தொட்டியும், மின்சாரத் தராசும், கொழுப்பைச் சில விநாடிகளில் காட்டும் கருவியும் சங்கங்களுக்கு வந்திருக்கின்றன. இவை வந்ததனால் மட்டும் குடியானவனுக்கு நியாயம் கிடைத்துவிடாது. கருவி காட்டும் எண்ணைப் பால் கொடுப்பவர் தம் கண்ணால் பார்க்கிறாரா? அந்த எண் அவருடைய சீட்டில் அப்படியே எழுதப்படுகிறதா? கருவி சரியாக இருக்கிறதென்று காலந்தோறும் சோதிக்கப்படுகிறதா? ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு படிக்கப்படும்போது கேட்பவர் எத்தனை பேர்? மாட்டைப் பேணி வளர்க்கும் பெண் அங்கத்தினராக இருக்கிறாளா, அல்லது அவள் உழைப்புக்கு வேறொருவர் கையொப்பமிடுகிறாரா? இவற்றுக்குச் சரியான விடை இருக்குமிடத்தில் யந்திரம் ஊழியனாக இருக்கும். இல்லாதவிடத்தில் அதைப் பிடித்திருப்பவனுக்கு ஊரார் ஊழியராவர்.

வெளி வியாபாரி ஒரு நாள் கூடுதலாக ஒரு ரூபாய் கொடுத்தால், பாலை அவரிடம் ஊற்றிவிடுவது எளிது. டென்மார்க்கின் குடியானவர்கள் பல ஆண்டுகளுக்குக் கட்டுப்பாடு எழுதிக் கொடுத்ததன் கருத்து இவ்விடத்தில் விளங்கும். யந்திரத்துக்கு நாள்தோறும் பால் வேண்டும். பால் வராத நாளில் கடனும் கூலியும் நிற்பதில்லை. சங்கம் மூடப்பட்ட பிறகு, கூடுதலாகக் கொடுத்த வியாபாரி அதே விலையைத் தொடர்ந்து கொடுக்க அவருக்கு ஒரு காரணமும் இராது.

பெரிய யந்திரம் சிறியவர்களுக்கு எட்டாத பொருளன்று. தனியாக நிற்கும் சிறியவனுக்கே அது எட்டாதது. இரண்டு மாடு வைத்திருந்த குடியானவன் நாற்பது மாட்டுக்காரனோடு சமமான விலை பெற்றதற்கு அவன் தினந்தோறும் தவறாமல் ஊற்றிய பாலும், கூட்டத்தில் தவறாமல் கொடுத்த ஒரு வாக்குமே காரணம். சங்க அங்கத்தினர் இவ்விரண்டையும் கைவிடாதிருப்பாராக.